கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய்

சங்க விழாக்களில் என்னைப் பார்க்கும் அன்பர்கள் சமீப காலமாகக் கேட்கும் கேள்வி: "இந்த வயசுல சைக்கிள் எதுக்கு சார்?" எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி மாதக் கடைசி ஞாயிறன்று கட்கியிலிருந்து லோணாவளா போய்த் திரும்பும் சைக்கிள் பயணத்தில் கலந்துகொள்கிறேன். பழைய மும்பை சாலை வழியாகப் போக வர ஏறத்தாழ 120 கி.மீ. (விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை.) சேரும் பணம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகளுக்குப் போகிறது.

"அதுதான் இலவசமாயிற்றே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி தேசிய டயாலிசிஸ் திட்டத்தில், மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இந்தச் சிகிச்சை இலவசம். ஆனால் எங்கள் குடியிருப்பில் துணி இஸ்திரி போடும் விழுப்புரத்துக்காரரைப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்கிறார். அந்த மூன்று நாளும் தொழில் கிடையாது. ஆட்டோ வாடகை, மருந்துச் செலவு, போன வருமானம் இவற்றுக்கு யார் பொறுப்பு? எங்கள் பயணம் அந்தச் செலவுக்குத்தான்.

இனி பயிற்சிக்கு வருவோம். மொத்தம் 12 வாரம். செவ்வாய், வியாழன் காலை 5 மணிக்கு ஒரு மணி நேரம். ஞாயிறன்று நீண்ட தூரம். முதல் ஞாயிறு 20 கி.மீ. அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் 10 கி.மீ.க்கு மேல் கூட்டுவதில்லை. நான்கு வாரத்துக்கு ஒரு முறை தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு. தேஹு ரோடு, பிறகு தளேகாவ், பிறகு காம்ஷேத் என்று திரும்பும் இடம் தள்ளிக்கொண்டே போகும். பயிற்சியில் முழு 120-ஐயும் ஓட்ட வேண்டியதில்லை. 85 வரை பழகினால் போதும். கடைசி வாரம் லேசாக ஓட்டினால் கால் புத்துணர்ச்சியோடு இருக்கும்.

சீட்டின் உயரம் மிக முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். கனமான கியரில் மூச்சைப் பிடித்து அழுத்துவதை விட, லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பது முட்டிக்கு நல்லது. ஹெல்மெட்டும் பின்பக்கச் சிவப்பு விளக்கும் இல்லாமல் விடிகாலையில் தெருவில் இறங்கவே கூடாது.

உடம்பில் சேமித்திருக்கும் சர்க்கரை ஒன்றரை, இரண்டு மணி நேர ஓட்டத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதன் பிறகு கை நடுங்கும், கண் இருட்டும். ஆகவே பசிக்கும் வரை காத்திராமல் முக்கால் மணிக்கு ஒரு முறை வாழைப்பழம், பேரீச்சம்பழம், கடலை மிட்டாய் என்று ஏதாவது தின்ன வேண்டும். நம் இட்லியும் அருமையான தீனி. எண்ணெயை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டராவது தேவை. அதில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை சேர்த்தால் நல்லது.

இதைச் சொல்லும்போது இஸ்திரிக்காரர் நினைவுதான் வருகிறது. அவருக்கு நாள் முழுவதற்கும் டாக்டர் சொன்ன அளவுதான் தண்ணீர். தம்ளரில் அளந்து குடிக்கிறார். சிறுநீரகம் வேலை செய்யாதபோது குடித்த நீர் உடம்பிலேயே தங்கி, கால் வீங்கும், மூச்சு முட்டும். நான் வழியெல்லாம் குடித்துக்கொண்டே போகிறேன்; அவர் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விடிகாலைக் குளிரில் போர்வையை விட்டு எழுந்திருக்க மனம் வராத நாட்களில் எனக்கு இந்த நினைப்பு ஒன்று போதும்.

பயிற்சி எனக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும்தான். இரவு 9.30-க்கே நான் படுத்துவிடுவதால் டிவி சத்தம் குறைந்துவிட்டது. ஞாயிறு காலை பத்து மணிக்குள் திரும்பி, கட்கி பஜாரில் வாரத்துக்கான காய்கறி வாங்கி வருவது என் பொறுப்பு. இது என் மனைவி போட்ட ஒப்பந்தம். வியர்வைத் துணியை நானே துவைப்பதும் அதில் அடக்கம்!

நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்ட பிறகே இதில் இறங்க வேண்டும்.

சைக்கிள் ஓட்ட முடியாதவர்கள் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் வீதம் தரலாம், 120 கி.மீ.க்கு 600 ரூபாய். நன்கொடை எங்கே கொடுத்தாலும் ரசீது கேட்டு வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கு வருமான வரிச் சலுகை கிடையாது, காசோலையாகக் கொடுங்கள். அதுவும் முடியாதவர்கள் அன்று காலை தளேகாவ் அருகே ஆரஞ்சுப் பழமும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நில்லுங்கள். மராத்திக்கார நண்பர்களுக்கு நடுவே "வாங்க சார், இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று தமிழில் ஒரு குரல் கேட்டால், அடுத்த பத்து கிலோமீட்டர் தானாகவே ஓடிவிடும்.