வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

நெய்வேலி டவுன்ஷிப்பில் முகவரி சொல்பவர்கள் தெருப் பெயரில் தொடங்குவதில்லை. முதலில் ‘வட்டம்’ எனப்படும் பிளாக்கின் எண்தான் வரும். நகரமே அப்படி வகுக்கப்பட்டது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியபோது சுரங்கத்தோடு சேர்த்துத் தொழிலாளிக்கு வீடும் கட்ட வேண்டியிருந்தது. அகலச் சாலைகள் வட்டங்களின் ஓரமாகப் போயின. உள்ளே சின்னத் தெருக்கள், நடந்துபோகும் தூரத்தில் பள்ளிக்கூடம், திடல். பெரிய சாலையைக் கடக்காமலே குழந்தை பள்ளிக்குப் போய்வர வேண்டும் என்று அமெரிக்கர் கிளாரன்ஸ் பெர்ரி 1929-இல் சொன்ன யோசனையின் சாயல் இதில் இருக்கிறது.

குவார்ட்டர்ஸ் பெரும்பாலும் தாழ்வான வீடுகள். முன்னால் கேட், சுற்றிலும் கொஞ்சம் மண். முருங்கை, மா, பலா என்று ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள். செடிக்குத் தண்ணீர் விடுகிறவரின் ஒரு கண் தெருவில் இருக்கும். தெரியாத ஆள் இரண்டாவது முறை நடந்தால், "யாருங்க வேணும்?" என்று வேலிக்குள்ளிருந்து குரல் வரும். உதவியாகவும் விசாரணையாகவும் இருக்கிற அந்தக் கேள்வியை எந்தக் கேமராவும் கேட்காது. மூன்று ஷிஃப்ட் ஊர் என்பதால் இரவிலும் வேலைக்குப் போகிறவர், திரும்புகிறவர் என்று சாலையில் நடமாட்டம் இருக்கும்.

வீடுகளின் அமைப்பே குடியிருப்பவரைத் தெருவின் மீது கண் வைக்கச் செய்யும் என்பதைத்தான் கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் 1972-இல் எழுதிய நூல் பேசியது. நியூயார்க்கில் அருகருகே இருந்த பிரவுன்ஸ்வில், வான் டைக் என்ற இரு அரசுக் குடியிருப்புகளை அவர் ஒப்பிட்டார். மக்கள்தொகை நெருக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். உயரமான கட்டடங்கள் கொண்ட வான் டைக்கில் குற்றம் அதிகம். நூறு குடும்பம் புழங்கும் படிக்கட்டை யாரும் தன்னுடையதாக நினைப்பதில்லை என்பது அவர் வாதம். கட்டடத்தின் மீதே எல்லாப் பழியையும் போடுகிறார் என்று விமர்சனமும் வந்தது. அதில் நியாயம் உண்டு.

சென்னை பெரும்பாக்கத்தில் உள்ள மறுகுடியமர்வுக் குடியிருப்பைப் பாருங்கள். தரைத்தளமும் ஏழு மாடியுமாக அடுக்கடுக்கான கட்டடங்கள். லிஃப்ட் ஓடவில்லை, படிக்கட்டில் விளக்கில்லை என்பது அங்கே பழகிப்போன புகார். ஆனால் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்டு இங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் இழந்தது தெருவை மட்டுமல்ல. பக்கத்திலிருந்த வேலையையும் பழகிய அக்கம்பக்கத்தையும்தான். நெய்வேலிக்காரருக்கோ மாதச் சம்பளத்தோடு வந்த வீடு. இரண்டையும் வரைபடத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது சரியாகாது.

நெய்வேலியிலும் ஓட்டை உண்டு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நிரந்தரப் பணிக்கு ஆளெடுப்பது குறைந்ததில் பழைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. புதர் மண்டிய வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்குப் பாம்பு பயம், திருட்டு பயம் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அதே சுரங்கத்துக்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலர் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். இடித்துத் தள்ளுவதைவிட, தேறுகிற வீடுகளைப் பழுது பார்த்து அவர்களுக்குக் கொடுத்தால் வட்டத்துக்குள் மறுபடி ஆள் புழங்கும். வாடகை எவ்வளவு, பராமரிப்பு யார் பொறுப்பு என்பதை நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.