வீட்டு வறுமை மட்டும்தானா காரணம்?

திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் பஸ் ஸ்டாண்டில் ஜவ்வாது மலை பஸ் வந்து நின்றால் சாமை மூட்டையும் புளி மூட்டையும் இறங்கும். மலையில் வேலை ஓய்ந்த மாதங்களில் பாய், பாத்திரம், துணிமூட்டையோடு குடும்பமே இறங்குகிறது. கர்நாடகக் காப்பித் தோட்டம், கேரளம், திருப்பூர் என்று கூலி தேடிப் போகிறவர்கள். வீட்டில் பாட்டி இருந்தால் பிள்ளை ஊரில் தங்கிப் படிக்கும். இல்லையென்றால் அதுவும் கூடவே போகும். திரும்பி வரும்போது பாடம் பாதி முடிந்திருக்கும்.

ஜவ்வாது மலையில் பெரும்பாலோர் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரிடம் 54 சதவீதம்தான். வறுமைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். பாதி உண்மை.

மீதியைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டும். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் 2018இல் சுமார் 2 கோடிப் பேரின் தகவல்களை வைத்து, ஒரே வருமானமுள்ள வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். 99 சதவீதப் பகுதிகளில் கறுப்பின ஆண்கள் வெள்ளையின ஆண்களைவிடக் குறைவாகவே சம்பாதித்தார்கள். பெண்களிடம் அந்த இடைவெளி அநேகமாக இல்லை. ஆக, வீட்டு வருமானம் சமமானாலும் ஆண்களிடமாவது ஒரு பங்கு வித்தியாசம் மிஞ்சுகிறது.

இந்தியாவில்? ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் தனியார் வேலைகளுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பினார்கள். 2007இல் வெளியான முடிவு: தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். பழங்குடியினரை வைத்துச் செய்த சோதனை அல்ல இது. ஆனாலும் பட்டம் வாங்கியதோடு கதை முடிவதில்லை என்பதற்கு இது போதும்.

பழங்குடியினருக்கான நம் திட்டங்களோ பெரும்பாலும் உண்டு உறைவிடப் பள்ளியோடு நின்றுவிடுகின்றன. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, பிரசவமான இரண்டு நாளில் தேர்வெழுதி உரிமையியல் நீதிபதியானதை எல்லோரும் கொண்டாடினோம். இத்தனை பாடுபட்டால்தான் முடியும் என்றால் அந்த வழி சரியில்லை என்றுதான் பொருள். படிப்பு விட்டுப்போன ஆண்களுக்குச் செம்மரம் வெட்ட ஆள் சேர்க்கும் புரோக்கர் முன்பணத்தோடு வருகிறார். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் திருவண்ணாமலை மாவட்டத்தவரும் இருந்தார்கள்.

வழி சரியாகும் வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்த மலைப் பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்தால், சாதிச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பழங்குடியினருக்கு அதைத் தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாளாகும், கல்லூரிச் சேர்க்கை காத்திருக்காது.