ஒரு பொட்டலத்துக்கு 12 மைக்ரோ விநாடி

1 ஜிகாபிட் இணைப்பு உள்ள வீட்டில் ஒரு படத்தை முழு வேகத்தில் இறக்கினால், விநாடிக்குச் சுமார் 81,000 தரவுப் பொட்டலங்கள் ரவுட்டருக்குள் நுழைகின்றன. ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 12 மைக்ரோ விநாடி. அதற்குள் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, வீட்டில் யார் கேட்டது என்று பட்டியலில் தேடி, முகவரியை மாற்றி எழுதி, உரிய பக்கம் தள்ளிவிட வேண்டும். கைபேசி, மடிக்கணினி, டிவி எல்லாமே வெளியுலகுக்குப் பெரும்பாலும் ஒரே முகவரியில்தான் தெரிகின்றன. யாருக்கு எது என்று பிரித்துக் கொடுப்பது மூலையில் மினுக்கும் அந்தப் பெட்டிதான்.

கடையில் வாங்கும் ரவுட்டரில் இருக்கும் செயலி பெரும்பாலும் சாதாரணமானது. அது எப்படி ஈடுகொடுக்கிறது? ஓர் இணைப்பின் முதல் சில பொட்டலங்களை மட்டும் செயலி பார்க்கிறது. வழி முடிவானதும், இந்த வேலைக்கென்றே செய்த ஒரு மின்சுற்றிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுகிறது. பின்னால் வரும் லட்சக்கணக்கான பொட்டலங்கள் செயலியின் கண்ணில் படுவதே இல்லை. விசிறிகூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி ஜிகாபிட்டைத் தாங்குவது இப்படித்தான். அழகான பொறியியல் இது.

நாமே கட்டும் ரவுட்டர் வேறு வழியில் போகிறது. இரண்டு ஈதர்நெட் துளைகள் உள்ள ஒரு சிறு கணினியில் ஓபிஎன்சென்ஸ் போன்ற திறந்த மென்பொருளை நிறுவினால், ஒவ்வொரு பொட்டலமும் பொதுச் செயலி வழியாகவே நடந்து போகும். அதற்கு வலுவான செயலி வேண்டும். மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும். பழைய மேசைக் கணினியை இதற்காக இரவும் பகலும் ஓடவிடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 6 வாட் மின்சாரத்துக்கு வடிவமைத்த இன்டெல் என்100 போன்ற சில்லுகள் வந்த பிறகுதான் இது வீட்டுக்கு ஏற்ற யோசனை ஆனது.

ஒவ்வொரு பொட்டலத்தையும் பார்ப்பதால் என்ன லாபம்? கல்யாண வீடியோ ஒன்றை இணையத்தில் ஏற்றிக்கொண்டே, பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையை ஓடவிட்டுப் பாருங்கள். என் வீட்டில் 25 மில்லி விநாடியில் வந்துகொண்டிருந்த பதில் 400-ஐத் தாண்டியது. அந்த நேரத்தில் வீடியோ அழைப்பில் அம்மாவின் திரையில் என் முகம் உறைந்து நின்றது. வேகக் குறைவு காரணமல்ல. பெட்டிக்குள் இருக்கும் நீண்ட வரிசைதான் காரணம். வீடியோவின் பொட்டலங்கள் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் நிற்க, அம்மாவுக்குப் போக வேண்டிய என் குரல் அவற்றுக்குப் பின்னால் காத்திருக்கிறது. பஃபர்புளோட் என்று இதற்குப் பெயர்.

இதற்கு மருந்தாக 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற வழிமுறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒரு பொட்டலம் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி விநாடிக்கு மேலேயே நீடித்தால் ஒன்றிரண்டு பொட்டலங்களை வேண்டுமென்றே கீழே போடுகிறது. அனுப்புகிற கணினி அதைப் புரிந்துகொண்டு வேகத்தைக் குறைக்கிறது. எஃப்கியூ-கோடெல் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு இணைப்பையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி முறைவைத்து அனுப்புகிறது. லினக்ஸில் இது யாருக்கும் இலவசம். ஆனால் குறுக்குவழி மின்சுற்றில் பறந்துவிடும் பொட்டலத்துக்கு இந்தக் கவனிப்பு பொதுவாகக் கிடைக்காது.

அப்படியானால் எல்லோரும் கட்டத்தான் வேண்டுமா? வேண்டாம். 100 மெகாபிட் இணைப்பில் ஒரு பொட்டலத்துக்கு 120 மைக்ரோ விநாடி கிடைக்கிறது. எளிய செயலிக்கே அது தாராளம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளை ஏற்கும் ஒரு கடை ரவுட்டரை வாங்கி, அதன் மென்பொருளை மட்டும் மாற்றினால் போதும். பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது அதைத்தான். ஜிகாபிட் இணைப்பும் நோண்டிப் பார்க்கும் ஆசையும் இருந்தால் கட்டுங்கள். வைஃபையை மட்டும் அந்தக் கணினியின் தலையில் கட்டாமல், தனி ஆக்சஸ் பாயிண்ட் வைத்துவிடுங்கள்.

கடை ரவுட்டரின் மென்பொருளை மட்டும் மாற்றும் இந்த நடுவழி ஒரு நீலக் கறுப்புப் பெட்டியிலிருந்து பிறந்தது. 2002 டிசம்பரில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி அது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பதை மறு ஆண்டே ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமப்படி மூல நிரலைத் தந்தாக வேண்டும்; நிறுவனமும் தந்தது. வெறும் 4 மெகாபைட் சேமிப்பிடத்துக்குள், 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயரின் வால் அந்தப் பெட்டியின் மாதிரி எண்ணிலிருந்து வந்ததுதான்.

ஓப்பன்டபிள்யூஆர்டி வழியாக, தயாரித்தவர் கைவிட்ட பெட்டிகள் பலவற்றுக்கும் பாதுகாப்புத் திருத்தம் தொடர்ந்து கிடைப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். திருத்தம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 5 லட்சம் கருவிகளில் புகுந்தது. அவற்றில் பெரும்பாலானவை வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த ரவுட்டர்கள்.

2024இல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டத்தினரே ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று சொந்தமாக ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்தார்கள். அதில் இரண்டு சேமிப்புச் சில்லுகள். நாம் எதையாவது மாற்றப்போய் முதல் சில்லில் உள்ளது கெட்டுப்போனால், ஒரு சிறு விசையைத் தள்ளி இரண்டாவதிலிருந்து எழுப்பிக்கொள்ளலாம்.