அறிவிக்கைக்குக் காத்திருக்கும் சட்டம்

அரசுப் பணியில் நடக்கும் ஊழலை வெளிப்படுத்துவோரைக் காப்பதற்கென்று 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற சட்டம், அது நடைமுறைக்கு வரும் நாளை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்காததால், பத்தாண்டு கடந்தும் ஏட்டிலேயே கிடக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலக ஊழியர் போலிப் பட்டியலைக் கண்டு புகார் அளித்து, அதன் பொருட்டே தொலைதூரத்துக்கு மாற்றப்பட்டால், இச்சட்டத்தைக் காட்டி நியாயம் கேட்க இயலாது.

இச்சட்டத்துக்கு வித்திட்டவர் நெடுஞ்சாலைப் பொறியாளர் சத்யேந்திர துபே. தங்க நாற்கரச் சாலைப் பணியின் முறைகேடுகளைப் பிரதமருக்கு எழுதிய அவர், தம் பெயரை மறைக்கக் கோரியும், கடிதம் பெயருடனேயே பல அலுவலகங்களுக்குச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியே காரணம் என்று மத்தியப் புலனாய்வுத் துறை பின்னர் கூறியபோதும், நாடெங்கும் எழுந்த கொதிப்பால் 2004 ஏப்ரலில் ஒரு தீர்மானம் பிறந்து, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் இரகசியமாகப் புகார் பெற வழி செய்தது. ஆனால் அதன் வரம்பு மத்திய அரசோடும் அதன் நிறுவனங்களோடும் முடிவதால், மாநில அரசு ஊழியருக்கு அது உதவாது.

சட்டத்தின் உயிர்நிலை மெய்ப்பிக்கும் பொறுப்பில் இருக்கிறது. புகார் அளித்தவர் மீது எடுத்த நடவடிக்கை பழிவாங்கல் அன்று என்பதை அலுவலகமே மெய்ப்பிக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. கோப்புகள் யாவும் மேலதிகாரியின் கையில் இருக்க, பழிவாங்கலை ஊழியரே நிறுவ வேண்டும் என்பது பெரும் அநீதி. புகார்தாரரின் அடையாளத்தை வெளியிடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையையும் அது வகுத்திருக்கிறது.

தனியார் ஆலைகளில் நடக்கும் முறைகேடுகள் இச்சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வருவதில்லை. பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவான பணியிடத்துப் பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். ஆயினும் வேலை போய்விடும் என்ற அச்சத்தைக் குழு மட்டும் போக்கிவிடாது. திண்டுக்கல்லில் ஆடை ஆலைப் பெண் தொழிலாளி ஒருவர் 2021-இல் கொல்லப்பட்ட பின், பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் போராடி 2022-இல் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், எச் அண்ட் எம் ஆகியவற்றோடு ஒப்பந்தம் கண்டது. தொழிலாளருள்ளிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்றுவித்து, புகார் சொன்னவரைப் பழிவாங்குவதைத் தடைசெய்து, மீறும் ஆலை வணிக விளைவுகளைச் சந்திக்க வேண்டும் என்று அது கட்டுப்படுத்துகிறது. தருமபுரியிலிருந்து திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலை தேடிச் செல்லும் பெண்கள் சேருமிடம் ஒப்பந்தத்துக்கு வெளியே உள்ள ஆலையாயின், அந்தக் காப்பு அவர்களைச் சேராது.