போடி ரயிலும் கமாண்டோ புத்தகமும்

தேனிப் பக்கம் பொங்கலன்று ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரிக்கும் பொங்கல் வைப்பார்கள். 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்ட பென்னிகுயிக் அவர். லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் தொங்கும். இந்த ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, காக்கி யூனிஃபார்ம் போட்ட பிரிட்டிஷ் சார்ஜென்ட் ஒருவர் காமிக்ஸில் வந்து நின்றால் யாரோ எவரோ என்று தோன்றவே தோன்றாது. எழுபது, எண்பதுகளில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு அவர் பக்கத்துத் தெருக்காரர் மாதிரிதான்.

சட்டைப் பைக்குள் ஒரு யுத்தம்

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனம் 1961-இல் தொடங்கிய போர் காமிக்ஸ் ‘கமாண்டோ’. அதற்கு முன்பே 1958-இல் லண்டனில், பின்னர் ஃப்ளீட்வே என்று பெயர் மாறிய நிறுவனம் ‘வார் பிக்சர் லைப்ரரி’யை ஆரம்பித்துவிட்டது. உள்ளங்கை அகலப் புத்தகம், அறுபதுக்குச் சற்றுக் கூடுதலாகப் பக்கங்கள், பக்கத்துக்கு இரண்டு மூன்று படங்கள். அட்டையில் மட்டும் வண்ணம். உள்ளே முழுக்கக் கறுப்பு வெள்ளை. மதுரையின் பழைய புத்தகக் கடைகளிலிருந்தோ, வெளியூரில் படித்த அண்ணன்மார் பெட்டியிலிருந்தோ எங்கள் கைக்கு வரும்போது பாதிப் புத்தகங்களுக்கு அட்டையே இருக்காது. ஆங்கிலம் அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் ‘ஆச்சுங்!’ என்று கத்தினால் அவன் ஜெர்மன்காரன், ‘பான்சாய்!’ என்று பாய்ந்தால் ஜப்பான்காரன் என்பதைப் புரிந்துகொள்ள டிக்‌ஷனரியா வேண்டும்?

கதை பெரும்பாலும் ஒரே அச்சுதான். ஒரே பட்டாளத்தில் இரண்டு பேருக்கு ஆகாது. ஒருவன் மற்றவனைக் கோழை என்பான். இல்லையென்றால் அண்ணன் சாவுக்கு நீதான் காரணம் என்பான். எதிரியின் குண்டைவிட இந்தப் பகைதான் கதையை நகர்த்தும். கடைசியில் ஒருவன் மற்றவன் உயிரைக் காப்பாற்றுவான். பங்காளிச் சண்டையைத் திண்ணையிலும் திருவிழாவிலும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. டன்கிர்க் எங்கே இருக்கிறது என்று தெரியாது. முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேரை நன்றாகத் தெரியும்.

சிவகாசி போட்ட பாலம்

ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்கு சிவகாசி வழிவிட்டது. 1972-இல் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ், ஃப்ளீட்வேயின் ‘ஸ்டீல் க்ளா’வை ‘இரும்புக்கை மாயாவி’யாக்கித் தமிழுக்குக் கொண்டுவந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து, இரும்புக்கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி கொல்லைப்பக்கம் போகப் பயந்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஜானி நீரோ, லாரன்ஸ் - டேவிட் என்று உளவாளிகள் வரிசைகட்டினார்கள். 1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயனின் லயன் காமிக்ஸும், தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தன. பஸ் ஸ்டாண்ட் கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் புதுப் புத்தகத்தைக் கீழிருந்தே அண்ணாந்து பார்த்து முதல் பக்கத்தை ஊகிப்பது ஒரு தனிக்கலை.

இந்த ‘பிரிட்டிஷ்’ காமிக்ஸை வரைந்த கைகளில் பல பிரிட்டிஷ் கைகளே அல்ல. மாயாவியை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ பார்சிலோனாக்காரர். வார் பிக்சர் லைப்ரரிக்கு வரைந்தவர்களில் ஒருவர் இத்தாலியின் ஹ்யூகோ ப்ராட். எத்தியோப்பியாவில் பிரிட்டிஷ் படை பிடித்துச் சென்ற அவருடைய அப்பா, 1942-இல் போர்க்கைதியாகவே இறந்துபோனார். அப்பாவைச் சிறைபிடித்த படையின் வீரத்தை மகன் கூலிக்கு வரைந்திருக்கிறார். அந்தப் புத்தகங்களில் வந்த எந்தக் கதையும் இந்தக் கதைக்கு ஈடாகாது.

நாம் எங்கே?

கோடையில் ஆற்று மணலில் நாங்கள் போட்ட சண்டை நினைவிருக்கிறது. தென்னை மட்டைதான் ஸ்டென் கன். புத்தகம் யாருடையதோ அவன் பிரிட்டிஷ். இரவல் வாங்கிப் படித்தவன் ஜெர்மன். இதற்காகவே காசு சேர்த்துப் புத்தகம் வாங்கியவர்கள் உண்டு. ‘நான் இந்தியச் சிப்பாய்’ என்று மட்டும் ஒருவனும் சொன்னதில்லை. சொல்லத் தோன்றியதுகூட இல்லை. நாங்கள் படித்த படங்களில் அப்படி ஒருவன் கதாநாயகனாக நின்றிருந்தால்தானே?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும், இத்தாலியில் மோன்டே காசினோ மலையிலும் நம்மவர்கள் இருந்தார்கள். 1944-இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் ஜப்பானியரைத் தடுத்து நிறுத்திய பதினான்காம் படையில் பெரும்பான்மையோர் இந்தியர்களே. பர்மாவிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. போர் உச்சத்தில் இருந்தபோது, இரும்பு வேண்டுமென்று அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பதுகளில்தான் மறுபடியும் ரயில் ஓடியது. ஏலக்காய் மூட்டை ஏற்றிய பாதை யுத்தத்துக்குப் பலியான கதையை நாங்கள் படித்த எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. பெரியவர்கள் சொல்லியிருக்கலாம், மாயாவி கையில் இருக்கும்போது யார் காதுகொடுத்துக் கேட்டது?

இதனால் அந்தப் புத்தகங்கள் மேல் கோபம் வருகிறதா என்றால், இல்லை. பிரிட்டிஷ் பிள்ளைகளுக்காக, அவர்கள் அப்பாக்களின் போரை அவர்கள் எழுதினார்கள். அதில் நம்மைத் தேடுவது அடுத்த வீட்டு ஆல்பத்தில் நம் தாத்தா படத்தைத் தேடுவது போலத்தான். நம் ஆல்பத்தை நாம்தான் போட வேண்டும். அச்சுக்கூடம் சிவகாசியில் தயாராக இருக்கிறது. முத்துவும் லயனும் இன்றும் வருகின்றன. பழைய மாயாவியின் மறுபதிப்புக்கு முன்பதிவு செய்யும் நடுவயதுக்காரர்கள், கதையும் படமுமாக போடி தண்டவாளம் ஒரு புத்தகமாக வந்தால் வாங்க மாட்டார்களா? பாரதிராஜாவையும் இளையராஜாவையும் கொடுத்த மாவட்டத்தில் அதை எழுதவும் வரையவும் ஆளா கிடைக்காது?