பிரெஞ்சு வகுப்பின் முதல் நாள்: ‘போன்ஜூர்’ சொல்ல தமிழே எப்படி கைகொடுக்கும்?

புதுச்சேரியில் ஆறாம், ஏழாம் வகுப்பில் புதிதாக பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் முதலில் கற்பது வணக்கச் சொற்கள். நாலைந்து வார்த்தைதானே என்று தோன்றும். ஆனால் அவர்கள் தடுமாறும் முதல் இடமும் இதுதான். அந்தச் சொற்களை ஆங்கிலம் மாதிரி படிப்பதே காரணம். அதைவிட நல்ல பாலம் ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. அது தமிழ்.

புதுச்சேரியில் ஏன் பிரெஞ்சு?

1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியா வசம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படி முழுமையானது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காத வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும் என்று 1956-ல் போட்ட ஒப்பந்தம் சொன்னது. 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லிசே பள்ளியும், 1889-ல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸும் இன்றும் இயங்குகின்றன. ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் பேச்சு தமிழ்தான்.

எப்போது, எதைச் சொல்வது?

• போன்ஜூர்: காலை முதல் மாலை வரை. நம்ம ‘வணக்கம்’ மாதிரி. பிரான்ஸில் கடைக்குள் நுழைந்தாலே முதலில் இதைச் சொல்லணும்.
• போன்சுவார்: மாலை வணக்கம்.
• போன் நுயி: தூங்கப் போகும்போது மட்டும்.
• சலு: நண்பர்களுக்குள். சந்திக்கும்போதும் சொல்லலாம், கிளம்பும்போதும் சொல்லலாம்.
• ஓ ரவ்வார்: ‘மறுபடி பார்க்கும் வரை’ என்று பொருள். வீட்டில் ‘போறேன்’ என்று சொன்னால் பெரியவர்கள் திட்டுவார்கள், ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லச் சொல்வார்கள் இல்லையா? கிட்டத்தட்ட அதே மனசுதான்.

நீயா, நீங்களா?

ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ‘யூ’ ஒன்றுதான். பிரெஞ்சில் ‘து’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். நண்பனிடம் ‘சா வா?’ என்று கேட்கலாம். ஆசிரியரிடம் ‘கொமான் தலே வூ?’ என்று கேட்கணும். இந்த வித்தியாசம் தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கம்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. நம்ம ஊரில் மரியாதைக்கு வயசு முக்கியம். பிரெஞ்சில் நெருக்கமும் முக்கியம். அங்கே பேரன் தாத்தாவை ‘து’ என்று அழைப்பது சாதாரணம். வயதில் சின்னவராக இருந்தாலும், அறிமுகமில்லாத கடைக்காரர் ‘வூ’தான்.

உச்சரிப்பில் எங்கே சிக்கல்?

பிரெஞ்சு வார்த்தையை ஆங்கிலம் மாதிரி படித்தால் ‘சலு’ என்பது ‘சல்யூட்’ ஆகிவிடும், ‘கொமான்’ என்பது ‘கமெண்ட்’ ஆகிவிடும். பிரெஞ்சில் பல வார்த்தைகளின் கடைசி எழுத்து ஒலிக்காது.

‘போன்ஜூர்’ எழுத்தில் ‘ன்’ இருந்தாலும் நாக்கு மேலே தொடக்கூடாது. பேச்சில் ‘வந்தோம்’, ‘போறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி ‘ம்’ உதடு மூடாமலே மூக்கில் கரைகிறதே, ஏறக்குறைய அந்த ஒலிதான். அடுத்து வரும் ‘ஜூ’வுக்கு ‘ஷூ’ என்று சொல்லி, தொண்டையை அதிர வைத்தால் போதும்.

தமிழில் இல்லாத ஒலி ஒன்றும் உண்டு. ‘து’, ‘சலு’, ஒயிட் டவுன் தெருப்பலகைகளில் வரும் ‘ரூ’ (தெரு) ஆகிய மூன்றிலும் அது இருக்கிறது. ‘உ’வுக்கு உதட்டைக் குவிக்கணும். குவித்தபடியே ‘ஈ’ சொல்லணும். கண்ணாடி பார்த்துப் பழகினால் சீக்கிரம் வந்துவிடும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பிரெஞ்சு தெரியாத பெற்றோரும் உதவலாம். முதலில் காதால் கேட்டு, வாயால் சொல்லி, அப்புறம் எழுதினால் போதும். தமிழில் எழுதி வைப்பது ஞாபகத்துக்கு மட்டும் உதவும், சரியான ஒலியைத் தராது. மதிப்பெண்ணுக்காக எழுத மட்டும் பழகினால், பிரெஞ்சு பேசும் ஒருவர் எதிரே வந்து நிற்கும்போது வாய் வராது. பிள்ளை தப்பாகச் சொன்னால் சிரிக்காமல், காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது நீங்களும் ஒரு ‘போன்ஜூர்’ சொல்லிப் பாருங்கள். பதில் ‘போன்ஜூர்’ வரும்.