முதலில் விசாரணை, பிறகு நீக்கம்

2017-ல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரை இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தாகி, பட்டினி கிடந்ததே காரணம் என்றது குடும்பம். நோய்தான் காரணம் என்றது அரசு. எது உண்மையானாலும், பதிவேட்டுக் குறைக்காக ஒரு வீட்டின் அரிசியை நிறுத்துவது அநியாயம். ஆதார் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது என்று மத்திய அரசே அந்த ஆண்டு அக்டோபரில் மாநிலங்களுக்கு எழுதியது.

போலி அட்டைகளைக் களையாவிட்டால் ஏழைகளின் பங்குதான் களவு போகும் என்பார்கள். உண்மைதான். ஆனால் போலி அட்டை ஒன்று கூடுதலாக ஒரு மாதம் நீடித்தால் அரசுக்குச் சில கிலோ தானியம் நஷ்டம். உரியவரை ஒரு மாதம் தவறாக நீக்கினால் ஒரு குடும்பமே பட்டினி. ஆகவே நோட்டீஸ் கொடுத்து விசாரித்து முடிக்கும்வரை தானியம் தொடர வேண்டும். தவறாக நீக்கப்பட்டவர்கள், 2013-ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் புகார் தரலாம். தீராவிட்டால் மாநில உணவு ஆணையத்திடம் மேல்முறையிடலாம். அலுவலர் பரிந்துரைத்த நிவாரணத்தைத் தக்க காரணமின்றித் தராத அரசு ஊழியருக்கு 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. புகாரை எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தகுதியின்மையை நிரூபிக்கும் சுமை அலுவலகத்துக்கே உரியது. பசித்தவர் தலையில் அதை ஏற்றக் கூடாது.